உளுவையும் சொடுக்கு இறாலும் ஒரே வளையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். வருபவர்கள் எல்லாரும் முதலில் கோமாளி மீனைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர் தொட்டியின் இடது மூலையைக் காட்டி, "அங்கே மணல் தானாக நகர்கிறதே, அது என்ன?" என்று கேட்பார். அதற்கப்புறம் காபி ஆறிப்போகும்வரை கேள்விகள்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பவளப்பாறை மீன்களும் இறால் போன்ற சின்ன உயிர்களும் ஒன்றையொன்று அண்டி வாழும் கதைகள் நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது அந்த மூலையில் நடக்கும் கதை. அதனால் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூலையில் இருப்பது யார்?

இரண்டு பேர். ஒருவர் உளுவை மீன். நம் ஆற்றிலும் கழிமுகத்திலும் கிடைக்கும் உளுவைக்குச் சொந்தம்தான்; ஆனால் பவளப்பாறை ஓரத்து மணலில் வாழும் வகை. மஞ்சள் நிறம், விரல் நீளம், எப்போதும் கோபமாக இருப்பது போன்ற முகம். இன்னொருவர் சொடுக்கு இறால். மீன் கடைகளில் பிஸ்டல் இறால் என்று கேட்டால்தான் புரியும். அதன் இரண்டு முன் கொடுக்குகளில் ஒன்று மட்டும் உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் பெருத்திருக்கும்.

இறால் மணலில் வளை தோண்டும். மீன் அந்த வளையின் வாசலில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் இரண்டும் உள்ளே. ஒரு கொத்தனாரும் ஒரு வாட்ச்மேனும் ஒரே வீட்டில் குடியிருப்பது போல. வாட்ச்மேன் ஒருநாளும் மண்வெட்டியைத் தொட மாட்டார். கொத்தனார் ஒருநாளும் வாசலைக் கவனிக்க மாட்டார்.

இப்படி இறாலோடு குடியிருக்கும் உளுவை வகைகள் 100க்கும் மேல் உண்டு. செங்கடலில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் வழியாக ஹவாய்த் தீவுகள் வரை இந்தக் குடித்தனம் பரவியிருக்கிறது. அட்லாண்டிக் பக்கம் மிகக் குறைவு. கரீபியன் கடலில் இதே வேலையைச் செய்யும் ஓர் உளுவை, இந்தப் பக்கத்து உளுவைகளுக்கு நெருங்கிய உறவு இல்லாதது. அதாவது இந்த ஏற்பாடு மீன்களிடையே ஒரு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

இறாலுக்குக் கண் தெரியாதா?

குருடு என்று சொல்ல முடியாது. கண் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னக் கண்களை ஓட்டின் முன்பகுதி கூரை போல மூடியிருக்கும். வெளிச்சமும் நிழலும் தெரியும். தூரத்தில் ஒரு களவாய் மீன் வாயைத் திறந்துகொண்டு வருவது தெரியாது. வளைக்குள் இருட்டில் வாழ்கிறவனுக்கு இது ஒரு குறையே இல்லை. மண்ணை வெளியே கொண்டுவந்து கொட்ட வேண்டிய சில நொடிகளில்தான் அது உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

அப்படியானால் மீன் பார்ப்பது இறாலுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன்.

அடுத்த முறை தொட்டிக்கு அருகில் உட்கார்ந்து இறாலின் நீண்ட உணர்கொம்புகளை மட்டும் பாருங்கள். இறால் இரு கொடுக்குகளாலும் மணலைத் தள்ளிக்கொண்டு, புல்டோசர் போல வெளியே வரும். வரும்போதே ஓர் உணர்கொம்பு மீனின் உடம்பைத் தேடிப் போய்த் தொடும். மணலைக் கொட்டும்போதும், திரும்பும்போதும், அடுத்த சுமைக்கு உள்ளே போகும்வரைக்கும் அந்தத் தொடர்பு விடுபடாது. கூட்ட நெரிசலில் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல.

மீனிடம் இரண்டு வகைச் செய்தி உண்டு. சந்தேகப்படும்படி ஏதோ ஒன்று நெருங்குகிறது என்றால் வாலைப் படபடவென்று சின்னதாக உதறும். அந்த அதிர்வு உணர்கொம்பு வழியாக இறாலுக்குப் போய்ச் சேரும்; சுமையைப் போட்டது போட்டபடி அது பின்வாங்கிவிடும். மீன் மட்டும் வாசலில் நின்று இன்னும் கொஞ்சம் நோட்டம் பார்க்கும். ஆபத்து பெரிது, நேரமில்லை என்றால் வால் உதறலெல்லாம் கிடையாது. மீன் தலையை முன்னால் நீட்டி வளைக்குள் பாயும். அந்தப் பாய்ச்சலே செய்தி.

வாசலில் மீன் இல்லை என்றால் இறால் வெளியே வராது. மீன் இரை பிடிக்க ஒரு சாண் தள்ளிப் போனாலும் உணர்கொம்பு வாசலில் துழாவிவிட்டு உள்ளேயே நின்றுவிடும். இதை நான் தொட்டியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாவமாகத்தான் இருக்கிறது.

இதை ஆராய்ந்தவர்கள் யார்?

1950களின் கடைசியில் செங்கடலில் மூழ்கிப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர் லூதர் இந்த இணையைப் பற்றி எழுதினார். அப்புறம் 1970களில் இஸ்ரேலின் இலான் கார்ப்லஸ் செங்கடலின் ஏலாத் பகுதியில் இதையே பல ஆண்டு வேலையாக எடுத்துக்கொண்டார். உணர்கொம்புத் தொடர்பு, வால் உதறல் பற்றியெல்லாம் நமக்கு இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி அவரும் கூட்டாளிகளும் தண்ணீருக்கடியில் பொறுமையாகக் குறித்துவைத்ததுதான். ஹவாயிலும் அதே காலத்தில் வேறொரு இணையை வைத்து இதுபோன்ற வேலை நடந்தது.

மீனுக்கு வீடு கிடைக்கிறது, இறாலுக்குக் காவல் கிடைக்கிறது. அவ்வளவுதானா?

நெடுநாள் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள். இன்னும் ஒரு வரவு இருக்கிறது. விருந்தாளிகள் முகம் சுளிக்கும் வரவு. மீன் போடும் எச்சத்தை இறால் தின்கிறது. 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உளுவை வளைக்குள்ளேயே கழிப்பதும் அதை இறால் முக்கிய உணவாக எடுத்துக்கொள்வதும் தெரியவந்தது. வீட்டு வாடகையை வாட்ச்மேன் இப்படியும் கட்டுகிறார்.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. வெளியே தலைகாட்டவே பயப்படும் இறால் இரை தேடிக் கடல் முழுக்கச் சுற்ற முடியாது. மீன் மிதவை உயிர்களையும் மணலில் கிடைப்பதையும் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறது. வெளியே இருக்கும் சத்து, செரித்த வடிவில், வாசல் தாண்டி உள்ளே வருகிறது.

மீனுக்கு வீடு என்பதும் சாதாரண விஷயம் இல்லை. பாறை ஓரத்து மணல்வெளியில் ஒளிய இடமே கிடையாது. அங்கே நிற்கும் சின்ன மீன் எல்லார் கண்ணிலும் படும். உளுவைக்குத் தானாக இப்படி ஒரு வளை தோண்டத் தெரியாது. மணல் வளை ஒருநாள் விட்டால் சரிந்துவிடும். இறால் ஓயாமல் மணலை அள்ளுவதும், சிப்பித் துண்டையும் பவளத் துண்டையும் கொண்டுவந்து சுவரில் முட்டுக்கொடுப்பதும் அதனால்தான்.

ராத்திரியில் என்ன செய்வார்கள்?

இருட்டியதும் மீன் உள்ளே போய்விடும். வாட்ச்மேன் தூங்கினால் கொத்தனாருக்கும் வெளி வேலை இல்லை. வாசல் பெரும்பாலும் மணலால் மூடிப்போகும். காலையில் வெளிச்சம் வந்ததும் மீன்தான் முதலில் தலையை நீட்டும். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் முதல் சுமை மணல் வெளியே வரும். எங்கள் தொட்டியில் விளக்கு போட்ட சில நிமிடங்களில் இது நடக்கும். நான் பல் தேய்த்துக்கொண்டே இதைப் பார்ப்பேன்.

சொடுக்கு என்ற பெயர் ஏன்?

பெருத்த கொடுக்கில் இருக்கிறது விஷயம். அதன் ஒரு பாதியில் முளை போல ஒரு பகுதி. மறுபாதியில் அது போய் உட்காரும் குழி. இறால் கொடுக்கை முழுக்கத் திறந்து, சட்டென்று மூடும்போது குழியிலிருக்கும் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். அந்தத் தாரையின் வேகம் நொடிக்குச் சுமார் 25 மீட்டர். அத்தனை வேகத்தில் தண்ணீர் பாயும்போது அழுத்தம் குறைந்து ஒரு குமிழி உண்டாகும். மறுகணம் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் அதை நசுக்கும். அப்போதுதான் 'டக்'.

கொடுக்கின் இரு பாதிகளும் மோதும் சத்தம் என்றே வெகுகாலம் எல்லாரும் நம்பியிருந்தார்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மன் கூட்டாளிகளும் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்து, சத்தம் குமிழி நசுங்குவதால்தான் வருகிறது என்று 2000இல் காட்டினார்கள். மறு ஆண்டு இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: குமிழி நசுங்கும் கணத்தில் ஒரு மின்னல் தெறிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆனால் அந்தக் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் குறைந்தது 4,700 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500. கட்டைவிரல் அளவு இறால்! (அவர்கள் படமெடுத்தது உளுவையோடு வாழும் வகையை அல்ல, அதன் பங்காளியை. கொடுக்கின் வேலை ஒன்றுதான்.)

பவளப்பாறையில் மூழ்கியவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். ஆயிரக்கணக்கான சொடுக்கு இறால்கள் பாறை இடுக்குகளில் இருக்கும். எல்லாம் சேர்ந்து, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஓயாத படபடப்பு. இரண்டாம் உலகப் போரில் எதிரி நீர்மூழ்கிகளைக் கேட்க அமெரிக்கர்கள் கடலுக்குள் ஒலிவாங்கிகளைப் போட்டபோது இந்த இரைச்சல்தான் முதலில் வந்து காதை அடைத்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது இறாலை.

இந்தப் படபடப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. திறந்த கடலில் வளரும் மீன்குஞ்சுகள் பாறையைத் தேடி வரும்போது அதன் சத்தத்தையும் துப்பாகப் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவின் லிசர்டு தீவில், சிதைந்த பவளத் திட்டுகளில் நல்ல பாறையின் ஒலியை ஒலிபெருக்கி வைத்து 40 நாள் போட்டுப் பார்த்தார்கள். சத்தமில்லாத திட்டுகளைவிட அங்கே இரண்டு மடங்கு மீன்கள் வந்து தங்கின. 2019இல் வெளியான ஆய்வு.

அந்தக் கொடுக்கால் கூட இருக்கும் மீனையே சுட்டுவிடாதா?

நான் பார்த்ததில்லை. சொடுக்கு இரை பிடிக்கவும், வளைக்குள் நுழையப் பார்க்கும் நண்டையோ இன்னொரு இறாலையோ மிரட்டவும்தான். பக்கத்தில் உரசிக்கொண்டிருக்கும் மீனை உணர்கொம்பு நன்றாகவே அடையாளம் கண்டுகொள்கிறது.

கொடுக்கு ஒடிந்துபோனால்?

இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பெரிய கொடுக்கு போய்விட்டால், அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது மறுபக்கத்துச் சின்னக் கொடுக்கு வளர்ந்து சொடுக்குக் கொடுக்காக மாறும். இழந்த பக்கத்தில் முளைப்பது சின்னக் கொடுக்கு. வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுகிறார்.

எந்த உளுவையும் எந்த இறாலோடும் சேருமா?

இல்லை. சில வகைகள் ஓர் இறால் வகையோடு மட்டும்தான் இருக்கும். சில இரண்டு மூன்றோடு ஒத்துப்போகும். சம்பந்தம் பேசும் தரகர் யாரும் இல்லாததால் அவர்களே தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஆய்வகத்தில் பார்த்தவரை மீன் கண்ணால் இறாலைத் தேடுகிறது. இறால் தண்ணீரில் வரும் வாசனையால் மீனைத் தேடுகிறது. அவரவருக்கு எது நன்றாக வேலை செய்கிறதோ அது.

பல வளைகளில் மீனும் ஆண் பெண் இணையாக, இறாலும் இணையாக, நான்கு பேர் குடியிருப்பார்கள்.

பெரிய மீன்களின் வாய்க்குள்ளேயே போய்ச் சுத்தம் செய்யும் இறால் ஒன்று உண்டாமே?

அது வேறு கூட்டம்: துப்புரவு இறால்கள். சிவந்த முதுகில் நடுவகிடு போல வெள்ளைக் கோடு போட்ட வகையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பாறையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருந்துகொண்டு நீண்ட வெள்ளை உணர்கொம்புகளை ஆட்டும். மீன்கள் தேடி வந்து, செவுளைத் திறந்து, வாயைப் பிளந்து, அசையாமல் நிற்கும். இறால் மேலே ஏறி ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் பொறுக்கித் தின்னும். மொரே விலாங்கும் களவாயும்கூட இங்கே வரிசையில் நிற்கும். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் கத்திக்குக் கொடுக்கும் ரவுடி போல.

ஒரே வாயில் விழுங்கிவிடலாமே, ஏன் விழுங்குவதில்லை? ஒரு இறால் என்பது ஒரு வாய் தீனி. சுத்தம் செய்யும் இறால் இருந்தால் நாளைக்கும் மறுநாளும் சுத்தம் கிடைக்கும். மீன் இப்படிக் கணக்குப் போட்டு முடிவெடுக்கிறது என்று சொல்லவில்லை. இப்படி நடந்துகொண்ட மீன்கள் நன்றாகப் பிழைத்திருக்கின்றன.

கரீபியன் கடலில் எலனோர் கேவ்ஸ் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 2018இல் சொன்னது இன்னும் சுவையானது. பசித்த இறால் உணர்கொம்பை வீசிக் காட்டுகிறது. வந்த மீன் தன் நிறத்தைக் கருக்கச் செய்து, "சுத்தம் செய்துகொள்ளத்தான் வந்தேன்" என்று பதில் சொல்கிறது. அந்த இறாலுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் வெளுத்தது கருப்பது தெரியும். இறாலின் மங்கலான கண்ணுக்கு எட்டும் மொழியிலேயே பதில் வருகிறது.

இதில் ஏமாற்று வேலை கிடையாதா?

இல்லாமலா? மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பான சளியும் சத்துள்ளதுதான். ஒட்டுண்ணியைத் தேடும் சாக்கில் துப்புரவு இறால் சதையையோ சளியையோ கிள்ளிவிடும். மீன் வெடுக்கென்று துள்ளுவதை வைத்து ஆய்வாளர்கள் இதை எண்ணுகிறார்கள். செங்கடலின் ஒரு துப்புரவு இறாலைப் பார்த்தபோது, இறாலைத் தின்னக்கூடிய மீன்களிடம் இந்தக் கிள்ளல் குறைவாக இருந்தது. சாதுவான மீன்களிடம் அதிகம். ஆளைப் பார்த்துத்தான் எடை போடுகிறார்கள்.

நட்பு, பாசம் என்றெல்லாம் இந்த உயிர்களைப் பற்றிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது பண்டமாற்று. இரு தரப்பும் கவனமாக இருக்கும்வரை நடக்கும்.

துப்புரவு செய்கிறவர்களை எல்லாம் எடுத்துவிட்டால் பாறை என்ன ஆகும்?

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. கான்ராட் லிம்பா என்ற அமெரிக்கர் பஹாமாஸில் இரண்டு தனிப் பாறைகளிலிருந்து துப்புரவு மீன்கள், இறால்கள் அனைத்தையும் அப்புறப்படுத்தினார். சில நாளில் மீன்கள் குறைந்தன. இரண்டு வாரத்தில், இடத்தை விட்டு நகராதவை தவிர மற்றவை போய்விட்டன. இருந்தவற்றின் உடம்பில் புண்ணும் வெள்ளைத் திட்டும். 1961இல் இது அச்சில் வந்தபோது பெரிய பேச்சாயிற்று. லிம்பா அதைப் பார்க்கவில்லை. முந்தின ஆண்டு பிரான்சில் கடலடிக் குகை ஒன்றில் மூழ்கியபோது இறந்துவிட்டார்.

அப்புறம் ஹவாய் போன்ற இடங்களில் செய்து பார்த்தபோது இப்படி எதுவும் ஆகவில்லை. லிசர்டு தீவில் துப்புரவு மீன்களை மட்டும் எட்டாண்டுக்கு மேல் அகற்றிவைத்துப் பார்த்ததில் மீன்களின் எண்ணிக்கை குறைந்தது, சில வகைகளின் உருவமும் சிறுத்தது. லிம்பா சொன்ன இரண்டு வார நாடகம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மெதுவாக ஏற்படும் நட்டம் உண்மை.

கோமாளி மீனும் கடல் சாமந்தியும்?

எல்லாருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் சாமந்தி பூப்போல இருக்கும் விலங்கு. அதன் விரல்களில் கொட்டும் செல்கள். கோமாளி மீனின் சளிப் போர்வை அந்தச் செல்கள் வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. உலகில் கடல் சாமந்தி வகைகள் 1,000க்கும் மேல். கோமாளி மீனுக்கு வீடு தருபவை 10தான். மீன் சாமந்தியைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீனை விரட்டும். மீனின் கழிவிலுள்ள அம்மோனியா, சாமந்தியின் உடம்புக்குள் வாழும் பாசிகளுக்கு உரம். ராத்திரியில் மீன் சாமந்திக்குள் புரண்டு நெளிவதால் தண்ணீர் அசைந்து உயிர்வளி கூடுதலாகக் கிடைக்கிறது என்றும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு தகவல், குழந்தைகளுக்குச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள்: ஒரு சாமந்தியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும்.

இறால் மாதிரி உயிர்களை ஒரு மீனே வளர்க்கும் என்கிறார்களே, விளையாட்டுக்குத்தானே?

இல்லை. நடுஅமெரிக்காவில் பெலிஸ் நாட்டின் கேரி போ தீவு. அங்கே டாம்செல் என்ற சின்ன மீன் பாறை மேல் பாசித் தோட்டம் போட்டுக் காவல் காக்கும். வேறு யாராவது மேயவந்தால் தன்னைவிடப் பத்து மடங்கு பெரியவர்களையும் முட்டும். அந்தத் தோட்டங்களுக்கு மேல் சென்னாக்குன்னி அளவில், இறால் மாதிரி இருக்கும் மைசிட் என்ற உயிர்கள் மந்தையாக மிதப்பதை ரோகன் புரூக்கர் குழுவினர் கவனித்தார்கள்.

மைசிட் அந்த மீனின் வாசனையைத் தேடி வருகிறது. மற்ற மீன்கள் அதைக் கண்ட மாத்திரத்தில் விழுங்கும். டாம்செல் விழுங்குவதில்லை, விழுங்க வருபவர்களை விரட்டுகிறது. பதிலுக்கு மந்தையின் கழிவு தோட்டத்தில் உரமாக விழுகிறது. மந்தை உள்ள தோட்டத்தில் பாசி நன்றாக வளர்கிறது, மீனும் கொழுகொழுவென்று இருக்கிறது. 2020இல் இதை எழுதியவர்கள், மனிதனைத் தவிர வேறொரு முதுகெலும்புள்ள உயிர் இன்னொன்றைப் பழக்கி வளர்ப்பதற்கு இது முதல் சான்று என்றார்கள். நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது நினைவுக்கு வந்தது. கிடைக்காரருக்கு நெல் கொடுப்போம். மைசிடுக்கு உயிர் கிடைக்கிறது.

கடலட்டைக்குள் மீன் குடியிருக்குமாமே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வராது. முத்துமீன் என்று ஒன்று, ஒல்லியாக, கண்ணாடி போல. கடலட்டையின் பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பகலில் தங்கும். கடலட்டைக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. சில வகைகள் உள்ளேயிருந்து அதன் இனப்பெருக்க உறுப்பையே தின்னும். ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் எல்லாரும் உதவுகிறவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

வீட்டுத் தொட்டியில் உளுவையும் சொடுக்கு இறாலும் வைக்கலாமா?

கடல்நீர்த் தொட்டியை ஓராண்டாவது நடத்திப் பழகியவர் என்றால் வைக்கலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பாறைகளை மணல் மேல் அடுக்காதீர்கள். தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேராக நிறுத்திவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். இறால் பாறைக்கு அடியில்தான் தோண்டும். என் முதல் தொட்டியில் ஒரு நடுராத்திரி மொத்த அடுக்கும் சரிந்தது. இறால் தப்பித்தது, இரண்டு பவளங்கள் போயின. மணல் பொடியாக மட்டும் இருந்தால் வளை நிற்காது; சிப்பித் துண்டும் பவளத் துண்டும் கலந்து, நாலு விரல் ஆழத்துக்காவது போடுங்கள். மூடி அவசியம். உளுவை மிரண்டால் துள்ளி வெளியே விழும். காலையில் தரையில் கருவாடாகத்தான் கிடைக்கும்.

மீனுக்கு நோய் என்று தாமிரம் சேர்ந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கும், இறால் செத்துவிடும். ஒரு கடையில் கேட்டபோது "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று கொடுத்தார்கள். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்ததால் தப்பித்தேன்.

முதல் வாரம் 'டக்' என்ற சத்தம் கேட்டுக் கண்ணாடி விரிந்துவிட்டதோ என்று டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள். எல்லாரும் ஓடியிருக்கிறோம்.

ஜோடி சேர ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இறாலை ஒரு மூலையிலும் மீனை எதிர் மூலையிலும் விட்டால் நாள் கூடும்.

துப்புரவு இறாலை விட்டால் மீன் நோய் போகுமா?

ஓரளவு. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 2015இல் செய்த சோதனையில், துப்புரவு இறால்கள் மீன் மேலிருக்கும் ஒட்டுண்ணியை மட்டுமல்லாமல் தொட்டியில் கிடக்கும் அதன் முட்டைகளையும் தின்றன. மருந்துக்குப் பதில் என்று நம்பி வாங்க வேண்டாம். நான் அப்படி நம்பி ஒரு மீனை இழந்திருக்கிறேன்.

நம் பக்கத்துக் கடலில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

கோமாளி மீன் மன்னார் வளைகுடாவிலேயே உண்டு. கறுப்பும் வெள்ளையும் கலந்த சேபே வகை. மணலில் பதிந்த பெரிய கடல் சாமந்தியோடு இருக்கும். அங்கே மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். ஆனால் அந்தத் தீவுகள் 1986லிருந்து கடல் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது. உயிருள்ள பவளத்தையோ கடலட்டையையோ எடுத்தால் வனவிலங்குச் சட்டம் பாயும். கோமாளி மீனைத் தொட்டிக்கு வாங்க நினைப்பவர்கள், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிர் மையத்தில் இதை வெற்றிகரமாகச் செய்து பல ஆண்டுகள் ஆகின்றன.

உளுவையும் இறாலும் பார்க்க லட்சத்தீவுக்கோ அந்தமானுக்கோ போகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாரும் பாறையைப் பார்த்துக்கொண்டு மணலைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். விரல் நீள மீன் ஒன்று மணலில் ஊன்றி, தலையைத் தூக்கி, உங்களையே முறைத்துக்கொண்டிருந்தால் அதன் பின்னால் ஒரு துளை இருக்கும். கிட்டே போகாதீர்கள், உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் தாழ்ந்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அசையாமல் இருங்கள். மீன் உள்ளே போய்விட்டாலும் காத்திருங்கள். முதலில் தலை வரும். அப்புறம் முழு மீன். அதற்கப்புறம், மணலைத் தள்ளிக்கொண்டு, ஓர் உணர்கொம்பு மீனின் வாலைத் தேடிக்கொண்டு வரும்.